நடக்காததை மட்டும் சொன்ன அக்கா

அக்கா பொய் சொல்ல மாட்டார். நடக்காததை மட்டும் சொல்வார். இரண்டும் ஒன்றுதானே என்று ஒருமுறை கேட்டேன்.

"பொய்ன்னா அதுல நமக்கு எதுனா ஆதாயம் இருக்கணும். எனக்கு இன்னா கெடைக்குது, நீயே சொல்லு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லைதான். கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அக்கா வாசல் மேஜையில் டோக்கன் எழுதுகிறவர். நான் உள்ளே உட்கார்ந்து, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்கிறவள். கல்லீரல் இயல்பு, பித்தப்பை இயல்பு என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடிப்பேன். அக்காவுக்கு அப்போது ஐம்பது இருக்கும், எனக்கு நாற்பத்தொன்று. கட்டையான உருவம், கழுத்தில் சின்னச் சிலுவை, எந்நேரமும் காதில் செருகிய பேனா. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை, குடியிருப்பது தியாகதுருகத்தில். தினமும் காலையில் ஒரு ஒல்லியான மனிதர் மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். யாரென்று கேட்டதற்கு "எங்கண்ணன்" என்றார். நானும் அந்த அண்ணனுக்கு தினமும் வணக்கம் சொல்வேன். அவரும் ஹெல்மெட்டோடு தலையாட்டுவார்.

வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்கள் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, மூத்திரம் முட்டும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் எட்டுப் பேர் அப்படி முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரைக் காணோம். எதிர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அக்காவுக்கும் எனக்கும் தெரியும். நைனார்பாளையத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், இனி முடியாது என்று எழுந்துவிட்டார். ஒருவர் எழுந்தால் எட்டுப் பேரும் எழுவார்கள், எல்லோரும் மறுபடி ஒரு லிட்டர் குடிக்க வேண்டும்.

அக்கா பேனாவைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் தட்டினார். "சின்னசேலம் ரோட்டுல யானை ஒண்ணு குறுக்கால படுத்துக்கினு இருக்குதாம். டாக்டர் காரு அதுக்குப் பின்னால நிக்குது. இப்பதான் போன் வந்துது."

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். கோயில் யானையா, சர்க்கஸ் யானையா என்று பேச்சு தொடங்கியது. யானை படுத்தால் எத்தனை பேர் எழுப்ப வேண்டும் என்று இரண்டு பேர் வாக்குவாதம் செய்தார்கள். ஒரு அம்மாள், வரும்போது தானே அந்த யானையைப் பார்த்ததாகவும் அப்போது அது நின்றுகொண்டிருந்ததாகவும் சொன்னார். இருபது நிமிஷம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததும் எட்டுப் பேரும் சேர்ந்து, "எழுந்துச்சிங்களா?" என்று கேட்டார்கள். அவர் தாமதத்துக்கு என்னமோ திட்டுகிறார்கள் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டார்.

அந்த யானையைப் பற்றி அன்று சாயங்காலமே எழுதினேன். பல மாதமாக யாரும் எட்டிப் பார்க்காத என் வலைப்பூவுக்கு மறுபடி ஆள் வந்தது அதற்குத்தான்.

வலைப்பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் இருந்தபோது ஒன்பது வருஷம் சமையல் வலைப்பூ ஒன்று எழுதினேன். பெயர் 'இரண்டு பேருக்கு'. எல்லாக் குறிப்பும் கணவன் மனைவி இரண்டு பேருக்கான அளவில் இருக்கும். ஒவ்வொரு பதிவின் கடைசி வரியும் ஒன்றேதான்: 'அவர் இன்னொரு கரண்டி கேட்டார்.' பிறகு அந்தக் கல்யாணம் முறிந்து, இந்த வேலை கிடைத்து, கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தேன். அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் என்ன எழுதுவது? குழம்பைப் பாதியாக்கலாம். அவியலைப் பாதியாக்க முடியாது. கால் வாழைக்காய் கொடு என்றால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

அதனால் மழையைப் பற்றி எழுதினேன். ஜன்னலோரம், மழை, கையில் தேநீர், திரும்பி வராத ஒருவர். அப்படியே ஆறு பதிவுகள். கள்ளக்குறிச்சியில் அப்போது நாலு மாசமாக ஒரு சொட்டு விழவில்லை. என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். நான் குடிப்பதும் காபி.

ஒரு நாள் கம்ப்யூட்டரை மூடாமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் அக்கா.

"இன்னாம்மா இது. ஆறும் படிச்சேன். ஆறுலயும் பேஞ்சிக்கினே இருக்குது. எந்தத் தெருவுல பேயுதுன்னு சொன்னா நானும் கொடியில இருக்கற துணிய எடுத்துடுவேன்ல."

எனக்கு முகம் சுட்டது. எழுத எதுவும் இல்லை அக்கா, அதனால்தான் என்றேன்.

"எழுத ஒண்ணும் இல்லன்னா எதுனா நடக்கணும். நடக்கலன்னா நடத்தணும். அதுக்கு எதுக்கு அழுவற?"

அதற்குப் பிறகு தினமும் காலையில் டோக்கன் புத்தகத்தோடு எனக்கு ஒரு விஷயமும் கொண்டுவருவார். கொண்டுவர ஒன்றும் இல்லாத நாளில் நடத்திவிடுவார். நான் ஊரைவிட்டே போகப்போவதாக வாசலில் கொய்யாப்பழம் விற்பவரிடம் சொல்லிவைத்தார். அவர் கலங்கிப்போய், இரண்டு பழம் கூடப் போட்டு, போய் நல்லா இருங்க என்று வாழ்த்தினார். மறுநாளும் நான் போய் நின்றேன். "போவலீங்களா?" என்று அவர் கேட்டதில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. அது ஒரு பதிவு. ஸ்கேன் அறையில் செல்போன் வைத்திருந்தால் வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு நாம் பேசுவதெல்லாம் கேட்டுவிடும் என்று பயமுறுத்தி, போனில் ஓயாமல் மருமகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாமியாரிடம் அதை வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டார். மருமகள் உள்ளே போய்வரும்வரை நிம்மதியாக இருந்தாள். அது இன்னொன்று. பின்னூட்டங்கள் கூடிக்கொண்டே வந்தன. 'இரண்டு பேருக்கு' என்ற பெயருக்கு இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

ஆனால் மழை என்னை விட்டபாடில்லை. நடுநடுவே ஒரு மழைப் பதிவு போட்டுவிடுவேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா அதைக் கிண்டல் செய்ய, நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்: "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுக்கா. உங்கள யாரும் விட்டுட்டுப் போகல."

அக்கா டப்பாவை மூடினார்.

"போவலன்னு ஆரு சொன்னா?"

அப்படித்தான் அந்தக் கதை ஆரம்பித்தது. கல்யாணமான மூன்றாம் வருஷம் அக்காவுக்கு விடாத இருமல். மலைத்தேன் கொண்டுவருகிறேன் என்று கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிப் போன கணவர், ஏழு வருஷம் வரவில்லை. கடிதம் இல்லை, போன் இல்லை. ஏழாம் வருஷம் ஒரு நாள், சந்தைக்குப் போய் வந்தவர் மாதிரி, கையில் தேன் பாட்டிலோடு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"இருமலு அப்பவே நின்னுபோச்சின்னேன்."

இதை இரண்டு வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துண்டு துண்டாகச் சொன்னார். நான் நாலு பகுதியாக எழுதினேன். ஆட்கள் அழுதார்கள். தூரதேசங்களிலிருந்தெல்லாம் எழுதினார்கள். அந்தக் கணவர் இப்போது எங்கே என்று அக்காவிடம் கேட்டேன். "இருக்காரு, ஒரு மூலையில" என்றார். அதையும் எழுதினேன்.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அக்கா வந்ததும் இருவரும் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டித் திரும்பி, பஸ் மலை ஏறியது. வெள்ளிமலைக்கு முன்னாலேயே ஒரு நிறுத்தத்தில் அக்கா சடாரென்று எழுந்து இறங்கிவிட்டார். கொஞ்ச தூரம் நடந்து, மஞ்சள் கதவு போட்ட ஒரு ஓட்டுவீட்டைக் காட்டி, "இங்கதான் இருந்தாரு" என்றார். நான் போனில் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு முன்னால் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஆரு வேணும்?"

அக்கா தடுமாறவில்லை. "தேனு இருக்குதாம்மா?"

"தேனு இல்லீங்க. பலாப்பழம் இருக்குது, துன்றீங்களா?"

உட்கார வைத்துச் சுளை எடுத்துக் கொடுத்தாள். முப்பது வயதுகூட இருக்காது. வீட்டில் ஆம்பளை இல்லையா என்று அக்கா பேச்சுக்குக் கேட்டார்.

"எஸ்டேட் வேலைக்குப் போச்சிங்க. எட்டு மாசம் ஆவுது. மொதல்ல போன் பண்ணிக்கினு இருந்துது. இப்ப நான் பண்ணாலும் எடுக்கறதில்ல." முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அக்கா வாயில் வைத்த சுளையை மென்று முடிக்க வெகுநேரமானது. அந்தப் பெண்ணிடம் எந்தக் கதையும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய ஏழு வருஷத்தை நினைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஐந்தாம் பகுதியாக அப்படியே எழுதி, மஞ்சள் கதவையும் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலை. மொபெட் வழக்கம்போல் வந்தது. அக்கா இறங்கி உள்ளே போனார். அண்ணன் கிளம்பவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் தலைமுடியை அன்றுதான் முதலில் பார்த்தேன், முழுக்க நரைத்திருந்தது.

"மேடம், நானு எங்கயும் போவலங்க."

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளிமலைக்கு. தேனு வாங்க. போவலங்க. கல்யாணம் ஆயி இருவத்தெட்டு வருசத்துல மில்லுக்கும் வூட்டுக்கும் கோயிலுக்கும்தான் போயிருக்கேன். தெனிக்கும் இங்கதான் வண்டி நிறுத்தறேன். நீங்ககூட வணக்கம் சொல்றீங்க."

அவர் ஒரு நெல் மில்லில் எடை போடுகிறவர். மில்லில் யாரோ போனில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஞாயிறன்று பூசை முடிந்து வெளியே வந்தவரிடம், மலையிலிருந்து எப்ப எறங்கனீங்க என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். சாமியார்கூடத் தோளைத் தட்டி, திரும்பி வந்தது பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டாராம். என் காது, கழுத்து எல்லாம் எரிந்தது. உடனே நீக்கிவிடுகிறேன் என்றேன்.

"வேணாங்க. நல்லாத்தான் இருக்குது." ஹெல்மெட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். "அந்த ஏழு வருசம் அவன் அங்க இன்னா பண்ணான்னு மட்டும் நீங்க எழுதவே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அக்கா டோக்கன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் மத்தியானம்வரை ரிப்போர்ட் அடித்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்: "அண்ணன்னு ஏன்க்கா சொன்னீங்க?"

"நீ கேட்ட அன்னிக்குக் காலைல அவருகூட சண்ட. புருசன்னு சொல்ல மனசு வரல. அப்பறம் மாத்திச் சொன்னா நீ இன்னா நெனைப்பன்னு உட்டுட்டேன்."

"அது இருக்கட்டும். என்னை வெச்சு ஊர் பூரா ஏமாத்தியிருக்கீங்க. நான் அழுதுகிட்டே எழுதினேன்."

"நீ ஒண்டியா இருந்த. தொணைக்கு நானும் உட்டுட்டுப் போவப்பட்டவளா இருந்துட்டுப் போறேன்னு பார்த்தேன். மலையில அந்தப் பொண்ணு சொன்னப்பவே உன்கிட்ட சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். வரல." ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். பிறகு நிமிர்ந்து, சாதாரணமாகக் கேட்டார். "அது சரி. வூட்ட உட்டு வந்தது நீயா, அவரா?"

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"அவரு போயிருந்தா வூடு உன்கிட்ட இருந்திருக்கும். உன் ரூமுக்கு வந்தப்ப பார்த்தேன். ஒரு பொட்டி, ஒரு தோசக்கல்லு. போனவதான் தோசக்கல்ல எடுத்துக்கினு வருவா. இதத் தெரிஞ்சிக்கினுதான் உன் மழையெல்லாம் படிச்சேன். நான் உன்ன எதுனா கேட்டனா?"

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அக்கா என் தட்டில் ஒரு அப்பளத்தை வைத்தார். அவ்வளவுதான் அந்தச் சண்டை.

ஒரு வாரம் கழித்து இரண்டையும் சேர்த்து எழுதினேன். தேன் வாங்கப் போனவர் எங்கும் போகவில்லை என்றும், திரும்பி வராதவர் என்று நான் மழையில் நனைத்துக்கொண்டிருந்தவரும் போகவில்லை, போனது நான்தான் என்றும் எழுதினேன். அவர் ஒரு நாளும் இன்னொரு கரண்டி கேட்டதில்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே போட்டதைச் சாப்பிடுவார். ஒரு முறை வேண்டுமென்றே மூன்று நாள் உப்பே போடாமல் சாம்பார் வைத்தேன். மூன்று நாளும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். நாலாம் நாள் நான் கிளம்பிவிட்டேன்.

நிறையப் பேர் ஏமாற்றிவிட்டதாகக் கோபப்பட்டு விலகினார்கள். ஒருவர் அந்தச் சாம்பாருக்கு அளவு கேட்டிருந்தார். எனக்கோ, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த அறையில் நன்றாகத் தூக்கம் வந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"மொபெட் என்னாச்சுக்கா?"

"வண்டி வூட்ல நிக்குது. அவரு வெள்ளிமலைக்குப் போயிட்டாரு."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பேனா காதில் இல்லை, கையில் இருந்தது.

"நீ எழுதினத படிச்சாரு. ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. இன்னிக்கிக் காலைல, 'போவறது ஒண்ணும் அவ்ளோ கஷ்டம் இல்ல போல'ன்னாரு. பல்லு வெளக்கிக்கினு இருக்கறாருன்னு நெனச்சேன். வெளிய வந்து பார்த்தா ஆளு இல்ல. பக்கத்து வூட்டுப் பையன்கிட்ட வெள்ளிமலைன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மலையில் பாதி இடத்தில் சிக்னல் இருக்காது என்று அக்காவிடம் சொன்னேன். எனக்கே அது மழைப் பதிவு மாதிரிக் கேட்டது. அவரைத் தூண்டிவிட்டது அக்காவின் கதையா, என்னுடைய உண்மையா என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. எப்படிப் பார்த்தாலும் நானும் அதில் இருந்தேன்.

அன்று அக்கா மூன்று பேருக்கு முப்பத்தொன்று என்று ஒரே எண்ணில் டோக்கன் கொடுத்தார். தண்ணீர் குடித்து உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வியாழக்கிழமையும் அப்படியே. போலீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். "இன்னான்னு சொல்றது? நான் சொன்ன கதைக்குள்ளாற பூந்துட்டாருன்னா?" என்றார். அழவில்லை, கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. யார் செருப்பைக் கழற்றினாலும் எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து, அவர் வந்தார். பேஷண்டு மாதிரி அக்காவின் மேஜைக்கு முன்னால் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. முகம் வெயிலில் கறுத்திருந்தது. கட்டம் போட்ட நீலச் சட்டை ஒன்று போட்டிருந்தார்.

அக்கா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டார். "சட்ட ஆருது?"

"ஏன், நல்லா இல்லியா?"

"எங்க இருந்த மூணு நாளு?"

"அங்கதான்."

"இன்னா பண்ண?"

அவர் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். எல்லோரும் வயிறு முட்டக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வூட்ல கதை பூரா இத்தினி வருசமா நீயே சொல்லிக்கினு இருக்க. எனக்குன்னு ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "மேடம், இது எழுதறதுக்கு இல்லீங்க" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து மொபெட் மறுபடி வந்தது. அக்கா விட்டுவிடவில்லை. அதட்டிக் கேட்டார், கறி சமைத்துப் போட்டுக் கேட்டார், பேசாமல் இருந்து கேட்டார். ஒன்றும் பெயரவில்லை. துவைக்கும்போது சட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். தையல்காரர் பெயர் இல்லை. தோள் இரண்டு விரல் அகலம் அதிகம். பிறகு தானாகவே சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். மலையில் யாருக்கோ ஓடு மாற்றிக் கொடுத்திருப்பாரோ, சாமை அறுத்திருப்பாரோ, சும்மா பஸ் ஸ்டாப்பிலேயே மூன்று நாள் உட்கார்ந்திருப்பாரோ என்று தினமும் ஒன்று கொண்டுவருவார். இல்லாத யானையைப் படுக்கவைத்து எட்டுப் பேரை நம்பவைத்தவருக்கு, தன் புருஷனின் மூன்று நாளை ஒரு கதையிலும் பொருத்த முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கடைசி நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்துகொண்டே கேட்டேன்: "இப்பவாவது சொன்னாராக்கா?"

"எங்க. கேட்டா சிரிக்கறாரு" என்றார் அக்கா. "காலைல வண்டியில வரும்போது நான் எதுவுமே கேக்கறதில்ல. ஆனாலும் தோளு குலுங்குதும்மா. பின்னால உக்காந்துக்கினு வரவளுக்குத் தெரியாதா?"